சீரியல் கன்சோல் பிழை: திருத்தம் எந்த அடுக்கில் போக வேண்டும்?

இயக்க முறைமையின் மையமான கர்னல் எழும்போது, அதன் செய்திகளைக் கம்பி வழியே எழுத்தாக அனுப்பும் சீரியல் கன்சோலில் முதலில் தெளிவான வரிகள் வருகின்றன. சிறிது நேரத்தில் அவை பொருளற்ற குறிகளாகக் குலைந்துவிடுகின்றன, அல்லது அடியோடு நின்றுவிடுகின்றன. லினக்ஸ் கர்னலில் இப்படி ஒரு பிழை வந்தால் அதைச் சரிசெய்யக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. கர்னலுக்குத் தரும் கட்டளை வரியை மாற்றலாம். வன்பொருளைப் பற்றிக் கர்னலுக்குச் சொல்லும் விவரணையை, அதாவது டிவைஸ் ட்ரீயையோ ஏசிபிஐ அட்டவணையையோ திருத்தலாம். டிரைவரின் நிரலில் கை வைக்கலாம். குறிப்பிட்ட ஒரு வகை இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும் விதிவிலக்கைக் கர்னலுக்குள் எழுதலாம்.

இந்த நான்கில் எதைச் செய்தாலும் திரையில் எழுத்து சரியாக வந்துவிடும். தேர்வு கடினமாவது இதனால்தான். சரியான திருத்தமும் தவறான திருத்தமும் முதல் நாளில் ஒரே மாதிரி தெரியும். வேறுபாடு தெரிய அடுத்த கர்னல் பதிப்போ, வன்பொருளில் பதிந்திருக்கும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரின் அடுத்த புதுப்பிப்போ வர வேண்டும். அதற்குள் அந்த இயந்திரம் எங்கோ தொலைவில், மானிட்டரும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சர்வர் ரேக்கில் உட்கார்ந்திருக்கும். நெட்வொர்க் எழாதபோதும் கர்னல் பேனிக்கில், அதாவது மீள முடியாத பிழையில், விழும்போதும் கடைசிச் சொல்லைச் சொல்வது சீரியல் கன்சோல்தான். அதனால் இந்தப் பிழையை ஒப்பேற்றி விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறான தகவல் எந்த அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறதோ, திருத்தமும் அந்த அடுக்கில்தான் போக வேண்டும். அறிகுறி தெரிகிற அடுக்கும் தவறு இருக்கிற அடுக்கும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சீரியல் போர்ட்டை இயக்கும் யூஆர்ட் சிப்புக்கு, துடிப்புகளைத் தரும் ஓர் உள்ளீட்டு க்ளாக் உண்டு. 8250, 16550 குடும்பச் சிப்புகளில் அந்த க்ளாக்கை 16ஆல் வகுத்து, மீண்டும் ஒரு வகு எண்ணால் வகுத்தால் கிடைப்பதே பாட் வேகம், அதாவது நொடிக்கு அனுப்பும் பிட்டுகளின் எண்ணிக்கை. பழைய பிசிக்களில் க்ளாக் 1.8432 மெகாஹெர்ட்ஸ். அதை 16ஆல் வகுத்தால் 115200. அந்தப் போர்ட்டுகளின் உச்ச வேகம் அதுவாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 9600 வேண்டுமென்றால் வகு எண் 12.

தன் முன்னால் இருக்கும் க்ளாக் உண்மையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை டிரைவர் அளந்து பார்ப்பதில்லை. சொல்லப்பட்டதை நம்பி வகு எண்ணைக் கணக்கிடுகிறது. பலகையில் 24 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 115200க்கு வகு எண் 13, கிடைக்கும் வேகம் 115385, பிழை 0.16 சதவீதம், ஒரு குறையும் இல்லை. அதே க்ளாக் 48 மெகாஹெர்ட்ஸ் என்று டிவைஸ் ட்ரீயில் தவறாக எழுதப்பட்டிருந்தால், டிரைவர் 26 என்று கணக்கிட்டுப் பதிவு செய்யும். கம்பியில் போகிற வேகம் 57692 ஆகிவிடும். மறுமுனை 115200இல் காத்திருக்கிறது. வந்து சேர்வது குப்பை.

இதைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி எர்லிகான், அதாவது முழு டிரைவர் எழும் முன்பே செய்திகளைக் காட்டும் எளிய கன்சோல். 8250 வகைப் போர்ட்டில் எர்லிகானுக்கு வேகம் எதையும் சொல்லாமல் விட்டால், அது சிப்பை மறுபடி அமைக்காமல் ஃபர்ம்வேரோ, கர்னலை ஏற்றித் தொடங்கும் பூட்லோடரோ விட்டுச் சென்ற நிலையிலேயே எழுதத் தொடங்கும். எர்லிகான் வரிகள் தெளிவாக வந்து, முழு டிரைவர் பொறுப்பேற்ற கணத்தில் எழுத்து குலைந்தால், கம்பியும் மறுமுனையும் சரி; வகு எண் கணக்குக்குள் போகிற ஏதோ ஓர் எண் தவறு. எர்லிகான் வரிகளே குப்பையாக வந்தால் கர்னலைத் தேட வேண்டாம், பூட்லோடரின் வேகத்தையும் டெர்மினலின் வேகத்தையும் ஒப்பிட்டால் போதும்.

சில எழுத்துகள் சரியாகவும் சில தவறாகவும் வருவது தனி வகை. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட்டுகள், நிறுத்த பிட் என்று பத்து பிட்டுகள் போகின்றன. கடைசி பிட்டின் நடுப்பகுதியைப் படிக்கும்போது ஒன்பதரை பிட் நேரம் கடந்திருக்கும். அதற்குள் அரை பிட் அளவு விலகினால் வாசிப்பு தவறிவிடும். கணக்குப்படி இரு முனைகளும் சேர்ந்து ஏறத்தாழ 5 சதவீதம் வரை தாங்கும். ஒரு முனையின் விலகலை 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 16 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் 115200 கேட்டால் வகு எண் 9, கிடைப்பது 111111, அதாவது 3.5 சதவீதம் குறைவு. இங்கே யாரும் தவறான தகவல் தரவில்லை. அந்த க்ளாக்கால் அந்த வேகத்தைத் தர முடியாது, அவ்வளவுதான். 38400க்கு இறங்கினால் வகு எண் 26, பிழை மீண்டும் 0.16 சதவீதம். நான்கு வழிகளையும் ஒப்பிட்டுக் கொண்டிருக்காமல் வேகத்தைக் குறைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

மௌனத்துக்குக் காரணங்கள் வேறு. டிரைவர் கர்னலோடு சேர்த்துக் கட்டப்படாமல் பிறகு ஏற்றப்படும் மாட்யூலாக இருந்தால் தொடக்கக் கட்டத்தில் கன்சோல் இருக்காது. யாரும் பயன்படுத்தாத க்ளாக் என்று கருதி யூஆர்ட்டின் க்ளாக்கைக் கர்னல் அணைத்திருக்கலாம். பயன்படாத க்ளாக்குகளை அணைக்காதே என்று கட்டளை வரியில் சொல்லி ஒருமுறை தொடங்கிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். 8250 டிரைவர் இயக்க நேரத்தில் எத்தனை போர்ட்டுகளைப் பதிவு செய்யும் என்ற வரம்பு பொதுவாக 4. ஐந்தாவது போர்ட்டைக் கன்சோலாகக் கேட்டால் பதில் வராது. கன்சோல் வேறு போர்ட்டில் பதிவாகி, அங்கே ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கவும் கூடும்.

கர்னல் செய்திகள் எல்லாம் வந்து, சிஸ்டம் சேவைகளின் செய்திகள் மட்டும் வராமல் இருப்பது பிழையே இல்லை. கட்டளை வரியில் பல கன்சோல்களைச் சொன்னால் கர்னல் செய்திகள் எல்லாவற்றுக்கும் போகும். ஆனால் பயனர் நிரல்கள் திறக்கும் பொதுக் கன்சோல் கடைசியாகச் சொன்னதுதான். வரிசையை மாற்றினால் போதும்.

கட்டளை வரி

வேகமும் எளிமையும் இங்கேதான். மறுபடி கர்னலைக் கட்ட வேண்டாம். தவறிப்போனால் பூட்லோடரிலேயே மாற்றிக்கொள்ளலாம். எழுதும் முறையும் சுருக்கம்: போர்ட்டின் பெயர், காற்புள்ளி, வேகம், பாரிட்டிக்கு (பிழை காணும் கூடுதல் பிட்டுக்கு) ஓர் எழுத்து, தரவு பிட்டுகளின் எண்ணிக்கை, வேண்டுமானால் ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு ஓர் எழுத்து. 'கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200என்8' என்பது பலருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுத வரும். டிவைஸ் ட்ரீ இயந்திரங்களில் கட்டளை வரியில் கன்சோலைச் சொல்லிவிட்டால், விவரணை தேர்ந்தெடுத்த கன்சோலைக் கர்னல் தானாக எடுத்துக்கொள்ளாது. பயனர் வெளிப்படையாகச் சொன்னதற்கே முதலிடம். இது நல்ல விதி.

விருப்பம் சார்ந்த எதற்கும் கட்டளை வரிதான் சரியான இடம். இரண்டு போர்ட்டுகளில் எது கன்சோல், திரையும் சீரியலும் சேர்ந்து இருக்க வேண்டுமா, எந்த வேகம் போன்றவற்றுக்கு ஒரே சரியான விடை கிடையாது, அந்தந்த இயந்திரத்தை நடத்துபவரின் முடிவு. பிழை என்று தெரிவிக்கப்படும் பலவற்றில் குறை கட்டளை வரியிலேயேதான் இருக்கிறது. போர்ட்டின் பெயரை மட்டும் எழுதி வேகத்தை விட்டுவிட்டால் 8250 கன்சோல் 9600ஐ எடுத்துக்கொள்ளும். டெர்மினல் 115200இல் இருக்கும். இதற்கு கர்னலைக் குறை சொல்ல முடியாது.

வேகம் வெறும் படிக்கும் வசதிக்கான விஷயமும் அல்ல. 9600இல் நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். தொடக்கச் செய்திகள் 1,00,000 எழுத்துகள் இருந்தால் அவற்றை அனுப்பவே 104 நொடிகள். 115200இல் அதுவே 9 நொடிக்குள் முடிந்துவிடும். இயந்திரம் எழத் தாமதமாகிறது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது.

இனி இந்த வழியின் ஆபத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன 24, 48 மெகாஹெர்ட்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் பல வேகங்களைப் போட்டுப் பார்க்கிறார். கட்டளை வரியில் 230400 என்று எழுதியதும் 115200இல் இருக்கும் டெர்மினலில் எழுத்து தெளிவாக வந்துவிடுகிறது. 48 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பும் டிரைவர் 230400க்கு 13 என்ற வகு எண்ணைக் கணக்கிட்டது. உண்மையான 24 மெகாஹெர்ட்ஸில் 13 என்றால் 115385. இரண்டு பொய்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன. இந்த வரி ஆவணத்தில் ஏறுகிறது, நிறுவும் நிரலில் ஏறுகிறது, நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்குப் பரவுகிறது. பிறகு ஒருநாள் டிவைஸ் ட்ரீயில் க்ளாக் மதிப்பை ஒருவர் நேர்மையாக 24 என்று திருத்துகிறார். அந்த நொடியே அத்தனை இயந்திரங்களின் கன்சோலும் செத்துப்போகிறது, பழி சரியான திருத்தத்தின் மேல் விழுகிறது.

ஆகவே கட்டளை வரியில் எழுதும் மதிப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைக்கிறேன். கம்பியில் 115200 போக வேண்டுமென்றால் 115200 என்றுதான் எழுத வேண்டும். வேறு எண்ணை எழுதினால்தான் வேலை செய்கிறது என்றால், அது திருத்தம் ஆகாது. நோயின் இருப்பிடத்தைக் காட்டும் சான்று. அதைக் குறித்துக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும்.

போர்ட்டின் பெயரும் நிலையானதல்ல. பிஎல்011 என்ற யூஆர்ட் வகைக்கு ஒரு பெயர், 8250 வகைக்கு வேறு பெயர். டிரைவர் மாறினால் பெயரும் மாறும். ஓமாப் சிப்புகளின் சீரியல் டிரைவர் 8250 குடும்பத்துக்கு மாறியபோது 'டிடிஒய்ஓ' என்று தொடங்கிய பெயர்கள் 'டிடிஒய்எஸ்' ஆயின. பழைய பெயரைக் கட்டளை வரியில் வைத்திருந்தவர்களின் கன்சோல் ஊமையாகிவிடாமல் இருக்க, பழைய பெயரைக் கண்டால் புதிய பெயரையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு கட்டமைப்பு விருப்பத்தைக் கர்னலில் வைத்தார்கள். பெயரை நம்ப முடியாத இடத்தில் முகவரியால் கன்சோலைக் குறிப்பிடும் வழி ஒன்றும் உண்டு. 8250 சிப்பின் உள்ளீட்டு வெளியீட்டு முகவரியைத் தந்தால் முதலில் அந்த முகவரியில் எளிய கன்சோல் தொடங்கி, பிறகு பொருந்தும் போர்ட்டுக்குத் தானே மாறிக்கொள்ளும். இந்த வசதியைப் பலரும் பயன்படுத்துவதில்லை. கூடுதல் சீரியல் கார்டு செருகப்பட்டதால் வரிசை எண் மாறிப்போகும் இயந்திரங்களில் நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

வன்பொருள் விவரணை

டிவைஸ் ட்ரீயில் இரண்டு தகவல்கள் கன்சோலைத் தீர்மானிக்கின்றன. 'சோசன்' முனையில் எந்தப் போர்ட், எந்த வேகம் என்று எழுதப்பட்டிருக்கும்; யூஆர்ட்டின் சொந்த முனையில் க்ளாக் எங்கிருந்து வருகிறது, அல்லது அதன் வேகம் எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். முதலாவது விருப்பம், இரண்டாவது உண்மை. விருப்பத்தைக் கட்டளை வரியால் மீறலாம். உண்மையை மீற வேறு யாருக்கும் உரிமை இல்லை; அது தவறாக இருந்தால் அங்கேயே திருத்தியாக வேண்டும். க்ளாக் மதிப்பு தவறு என்பது உறுதியானால் நான் வேறு எந்த வழியையும் பரிசீலிக்க மாட்டேன்.

பூட்லோடரிலிருந்தே இதைச் சோதிக்க முடிவது பெரிய வசதி. யூ-பூட் என்ற பூட்லோடரின் கட்டளை வரியில் நின்றுகொண்டு, நினைவகத்தில் ஏற்றிய டிவைஸ் ட்ரீயில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றிவிட்டுக் கர்னலைத் தொடங்கலாம். கர்னலைத் தொடாமலேயே கருதுகோள் சரியா என்று தெரிந்துவிடும்.

சிக்கல், அந்த விவரணை யார் கையில் இருக்கிறது என்பதில்தான். கர்னலோடு சேர்ந்து வெளியாகும் டிவைஸ் ட்ரீ என்றால் ஒரு சிறிய பேட்ச் (திருத்தக் கோப்பு) போதும். பலகையின் ஃப்ளாஷில் எழுதப்பட்டு வெளியேறிவிட்டதென்றால் நிலைமை வேறு. பழைய டிவைஸ் ட்ரீயோடு புதிய கர்னல் இயங்க வேண்டும் என்பது கர்னல் சமூகம் கடைப்பிடிக்க முயலும் ஒப்பந்தம். ஆகவே தவறான மதிப்பைச் சுமந்துகொண்டு வெளியே போன பலகைகளை விவரணையைத் திருத்துவதன் மூலம் மட்டும் காப்பாற்ற முடியாது.

ஏசிபிஐ இயந்திரங்களில் இந்த வேலையைச் செய்வது எஸ்பிசிஆர் அட்டவணை. எந்த வகை யூஆர்ட், எந்த முகவரி, எந்த வேகம் என்று ஃபர்ம்வேர் இதில் சொல்கிறது. வேகம் நேரடி எண்ணாக இல்லாமல் குறியீடாக இருக்கும்: 3 என்றால் 9600, 7 என்றால் 115200. 0 என்றால் இப்போதுள்ள அமைப்பை அப்படியே வைத்துக்கொள் என்று பொருள். 64 பிட் ஆர்ம் இயந்திரங்களில் லினக்ஸ் இந்த அட்டவணையைப் பார்த்து முழுக் கன்சோலையே தேர்ந்தெடுக்கிறது. எக்ஸ்86 இயந்திரங்களில் எர்லிகானுக்கு மட்டும் பயன்படுத்துகிறது. முழுக் கன்சோலுக்குக் கட்டளை வரி வேண்டும். ஒரே ஃபர்ம்வேர்ப் பழக்கத்தோடு இரண்டு வகை சர்வர்களையும் நடத்துபவர்கள் ஒன்றில் கன்சோல் தானாக வருவதையும் மற்றொன்றில் வராததையும் பார்த்துப் பிழை என்று நினைப்பது இதனால்தான்.

ஏசிபிஐ அட்டவணையைத் திருத்தும் உரிமை ஃபர்ம்வேர் எழுதுபவருக்கே. ஆனால் சோதனைக்கு ஒரு வழி இருக்கிறது: திருத்திய அட்டவணையைத் தொடக்க ராம்டிஸ்க்கின் முன்பகுதியில் சுருக்காமல் வைத்தால், அதற்கான விருப்பத்தோடு கட்டப்பட்ட கர்னல் அசல் அட்டவணைக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும். கர்னல் பூட்டப்பட்ட நிலையில், அதாவது லாக்டவுன் இயங்கும்போது, இந்த மாற்றீடு புறக்கணிக்கப்படும். ஆகவே இது ஆதாரம் திரட்டும் வழியே தவிர நிரந்தரத் தீர்வு ஆகாது. திரட்டிய ஆதாரத்தோடு ஃபர்ம்வேர் தரப்பை அணுகினால் அவர்களுக்கும் எந்த மதிப்பை மாற்ற வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்.

விவரணை சரி, க்ளாக்கே அலைகிறது என்ற நிலையும் உண்டு. ராஸ்பெரி பை 3இல் தரமான பிஎல்011 போர்ட் ப்ளூடூத்துக்குப் போய்விடுகிறது. கன்சோலுக்குக் கிடைப்பது மினி யூஆர்ட். அதன் க்ளாக் சிப்பின் மைய வேகத்தோடு பிணைந்தது. மைய வேகம் ஏறி இறங்கினால் பாட் வேகமும் கூடவே ஏறி இறங்கும். டிரைவரில் எவ்வளவு திறமையாகக் கணக்குப் போட்டாலும் இதற்கு நிம்மதியான விடை கிடையாது. ஃபர்ம்வேரின் கட்டமைப்புக் கோப்பில் யூஆர்ட்டை இயக்கும் விருப்பத்தைச் சேர்த்தால் மைய வேகம் நிலைநிறுத்தப்படும். ப்ளூடூத்தை விட்டுக்கொடுக்க முடியுமென்றால், அதை முடக்கும் ஓவர்லேயை, அதாவது டிவைஸ் ட்ரீயின் மேல் சேர்க்கும் சிறு திருத்தத்தை, போட்டு பிஎல்011ஐக் கன்சோலுக்கே திருப்பிக்கொள்வது இன்னும் நல்லது.

டிரைவரைத் திருத்துவது

எல்லாத் தகவலும் சரியாக வந்து, கணக்கு மட்டும் தவறினால் டிரைவர்தான் குற்றவாளி. 20 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் 115200க்கு வகுத்தால் 10.85 வருகிறது. அருகிலுள்ள முழு எண்ணான 11ஐ எடுத்தால் கிடைப்பது 113636, பிழை 1.4 சதவீதம், தாங்கும். தசமத்தை வெட்டிவிட்டு 10ஐ எடுத்தால் 125000, பிழை 8.5 சதவீதம், குப்பை. லினக்ஸின் பொதுச் சீரியல் அடுக்கு அருகிலுள்ள முழு எண்ணுக்குத்தான் போகிறது. தனியாகக் கணக்கெழுதிய ஒரு டிரைவர் வெட்டிக்கொண்டிருந்தால் அதைத் திருத்துவதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். எந்தப் பலகைக்கும் அது கெடுதல் செய்யாது.

இயல்பு மதிப்பை மாற்றுவது அப்படியல்ல. கட்டளை வரியில் வேகம் சொல்லாதபோது 9600 என்பதை 115200 ஆக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். இன்று 9600ஐ யாரும் விரும்புவதில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆவணத்தில் எழுதப்பட்ட அந்த மதிப்பை நம்பிப் பல ஆண்டுகளாக இயங்கும் இயந்திரங்கள் கர்னலைப் புதுப்பித்த மறுநாள் ஊமையாகிவிடும். முன்பு இயங்கியது இப்போது இயங்கவில்லை என்றால் அது பின்னடைவு. லினக்ஸ் கர்னலில் பின்னடைவுக்குச் சமாதானம் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு பலகையின் வசதிக்காகப் பொது இயல்பு மதிப்பில் கை வைக்கும் பேட்சை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

கவர்ச்சியான மூன்றாவது யோசனை ஒன்றும் இருக்கிறது. பூட்லோடர் ஏற்கெனவே சரியான வகு எண்ணை எழுதிவிட்டதே, டிரைவர் அதைப் படித்து அப்படியே தொடரலாமே என்பார்கள். 8250 டிரைவரில் இப்படிப் படித்தறியும் நிரல் இருக்கவும் செய்கிறது. ஆனால் படித்த வகு எண்ணிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்க அதே க்ளாக் மதிப்புதான் வேண்டும். நம் உதாரணத்தில் சிப்பில் 13 இருக்கும். 48 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பும் டிரைவர் வேகம் 230400 என்று முடிவுகட்டும். அதே தவறான க்ளாக்கைக் கொண்டு மறுபடி 13 என்றே எழுதும். கர்னல் செய்திகள் அழகாக வரும். பின்னர் உள்நுழைவைக் கவனிக்கும் கெட்டி நிரல் 115200 என்று அமைக்கும்போது வகு எண் 26 ஆகிக் கன்சோல் குலையும். பிழை மறையவில்லை, இன்னும் தாமதமான, இன்னும் குழப்பமான இடத்துக்கு நகர்ந்துவிட்டது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பயன்படுத்தும் சீரியல் கெட்டி இருக்கும் வேகத்தையே தக்கவைக்க முயல்வதால் சில அமைப்புகளில் இதுகூட வெளியே தெரியாமல் போகும். அப்படித் தெரியாமல் போவது நல்லதற்கல்ல.

இயந்திரத்துக்கேற்ற விதிவிலக்கு

தவறான தகவல் ஃபர்ம்வேரில் பொறிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் வெளியே போய், புதுப்பிக்க வழியில்லாமல் நின்றால் என்ன செய்வது? இங்கேதான் விதிவிலக்குக்கு இடம் இருக்கிறது. லினக்ஸின் எஸ்பிசிஆர் நிரலிலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு.

எக்ஸ்-ஜீன் சிப்புகளின் யூஆர்ட் 16550 போன்றதுதான். ஆனால் அதன் ரெஜிஸ்டர்கள் 32 பிட் இடைவெளியில் அமைந்தவை. ஃபர்ம்வேரோ 8 பிட் அணுகல் என்று அட்டவணையில் எழுதிவிட்டது. கர்னல், தயாரிப்பாளர் அடையாளத்தையும் அட்டவணை அடையாளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த இயந்திரமாக இருந்தால் மட்டும் 32 பிட் அணுகலுக்கு மாறுகிறது. அதோடு, அந்தச் சிப்பின் க்ளாக் வேகம் தெரியாததால் அட்டவணையில் சொன்ன பாட் வேகத்தை அமைக்க முயலாமல் விட்டுவிடுகிறது. தெரியாத எண்ணை ஊகித்து வகுத்துப் பார்ப்பதைவிட, ஃபர்ம்வேர் விட்ட நிலையில் கை வைக்காமல் இருப்பது மேல் என்ற முடிவு அது. எனக்கு மிகவும் பிடித்த அடக்கம்.

க்யூடிஎஃப்2400 சிப்பில் குறை வன்பொருளிலேயே இருந்தது. அனுப்பி முடித்த பிறகும் யூஆர்ட்டின் 'வேலையில் இருக்கிறேன்' பிட் இறங்காமல் மாட்டிக்கொள்ளும். அது இறங்கக் காத்திருக்கும் டிரைவர் அங்கேயே நின்றுவிடும். விதிவிலக்கு அந்தச் சிப்பில் மட்டும் அனுப்பும் வரிசை காலியா என்று காட்டும் வேறொரு பிட்டைப் பார்க்கச் சொல்கிறது.

இரண்டிலும் பொதுவானவை எவை என்று பார்க்க வேண்டும். அடையாளப் பொருத்தம் குறுகலானது, வேறு எந்த இயந்திரத்தையும் தொடாது. காரணம் நிரலின் அருகிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேறு அடுக்கில் திருத்த முடியாத குறை என்பதும் தெளிவு. இந்த மூன்றும் இல்லாத விதிவிலக்கு, கர்னலுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும் சுமை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வெளியிடச் சாத்தியம் இருக்கும்போதே விதிவிலக்கை எழுதிவிட்டால், ஃபர்ம்வேர் தரப்புக்கு அதைத் திருத்தும் தேவையே இல்லாமல் போய்விடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பிற கர்னல்களின் பழக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். ஓபன்பிஎஸ்டியில் பூட்லோடரிடம் போர்ட்டையும் வேகத்தையும் சொன்னால் கர்னல் அதையே பெற்றுக்கொள்கிறது. ஃப்ரீபிஎஸ்டியிலும் லோடர் மாறிகள்தான் முதன்மை. முடிவு ஒரே இடத்தில் இருப்பதால் தேடல் எளிது. லினக்ஸில் ஃபர்ம்வேர், பூட்லோடர், கர்னல், கெட்டி என்று நான்கு இடங்களில் வேகம் எழுதப்பட்டிருக்கலாம், நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

ஏற்கெனவே பரவிவிட்ட ஒப்பேற்றலை அகற்றுவது

கையில் இருப்பது ஒற்றை இயந்திரம், அவசரம் என்றால் கட்டளை வரியைப் பயன்படுத்துங்கள், தயக்கமே வேண்டாம். எழுதும் எண் உண்மையாக இருக்கும்வரை. இயந்திரங்கள் பல, விவரணை நம் வசம் என்றால் விவரணையைத் திருத்துங்கள். கணக்கே தவறு என்றால் டிரைவர் பேட்ச்; அது முதன்மைக் கர்னலில் சேர்ந்த பிறகுதான் நிலைப் பதிப்புகளுக்குப் போகும். எந்த மாற்றத்தால் பிழை நுழைந்தது என்பதை 'ஃபிக்சஸ்' வரியில் குறித்து அனுப்பினால் நிலைப் பதிப்புகளைக் கவனிப்பவர்களுக்கு எந்தெந்தப் பதிப்புகளில் திருத்தம் வேண்டும் என்று தேடாமலே தெரியும்.

கடினமானது, 230400 என்ற பொய் ஏற்கெனவே பரவியிருக்கும் நிலை. அங்கே க்ளாக் மதிப்பையும் கட்டளை வரியையும் தனித்தனியாக மாற்றினால் இடைப்பட்ட காலத்தில் கன்சோல் இருக்காது. இரண்டும் ஒரே புதுப்பிப்பில், ஒரே மறுதொடக்கத்தில் மாற வேண்டும். டிவைஸ் ட்ரீயும் பூட்லோடர் அமைப்பும் வெவ்வேறு பொதிகளில் இருந்தால், புதுப்பிப்புக்கு முன் பழைய கட்டளை வரியைத் தேடிப் பிடித்து மாற்றும் ஒரு படியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். திரும்பிப் போகும் வழியும் அதே இணையாக, பழைய விவரணையும் பழைய கட்டளை வரியும் சேர்ந்தே இருக்க வேண்டும். பாதி பழையது, பாதி புதியது என்ற நிலைக்கு இயந்திரம் எந்த வழியிலும் போய்ச் சேரக் கூடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சோதனையைச் சாதாரணத் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்து ஒருமுறை, மறுதொடக்கமாக ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். பூட்லோடர் சிப்பை விட்டுச் செல்லும் நிலை இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓடும் கர்னலிலிருந்தே கெக்செக் வசதி வழியாகப் புதிய கர்னலுக்குத் தாவும்போது ஃபர்ம்வேர் இடையில் வருவதே இல்லை, ஆகவே ஃபர்ம்வேரின் தயவில் இயங்கிய கன்சோல் அங்கே அம்பலப்படும். எர்லிகானோடும் எர்லிகான் இல்லாமலும் பாருங்கள். உள்நுழைந்து தட்டச்சு செய்து பாருங்கள். வெளியே போகும் எழுத்து சரியாக இருந்து உள்ளே வரும் எழுத்து தவறுவதும், ஓட்டக் கட்டுப்பாட்டுக் கம்பி இணைக்கப்படாமல் உரையாடல் நின்றுபோவதும் அப்போதுதான் தெரியும். உறங்கவைத்து எழுப்புங்கள். கடைசியாக, சீரியல் வழியே பிரேக் சமிக்ஞை அனுப்பி, அடுத்து 'சி' விசையை அழுத்தி, கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ வசதி வாயிலாகக் கர்னலை வேண்டுமென்றே பேனிக்கில் தள்ளுங்கள். பேனிக் செய்தியின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை டெர்மினலில் படிக்க முடிந்தால் பேட்சை அனுப்பலாம்.